20 கோடி டாலர் உண்டு, ஜன்னல் இல்லை!

ஒரு கல்லூரிக்கு ஒரு கோடீசுவரர் 20 கோடி டாலர் கொடுக்க முன்வந்தார். மாணவர்கள் தங்குவதற்கு ஒரு மாபெரும் விடுதி கட்டுவதற்காக! ஆனால் அவர் ஒரு நிபந்தனை விதித்தார். "கட்டிடம் என் திட்டப்படியேதான் இருக்க வேண்டும்" என்பதே அந்த நிபந்தனை. அவர் போட்ட திட்டத்தில், மாணவர்களின் படுக்கை அறைகளுக்கு ஜன்னல் இல்லை!

இது கதை அல்ல. அமெரிக்காவில் நடந்தது. கலிபோர்னியா மாநிலத்தில், பசிபிக் கடல் ஓரத்தில், சான்டா பார்பரா என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கு அருகே, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிளை ஒன்று உள்ளது. ஏறத்தாழ 25 ஆயிரம் பேர் அங்கே படிக்கிறார்கள். வளாகத்தின் ஓரத்திலேயே கடற்கரை. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் குறைவே இல்லாத இடம். அப்படிப்பட்ட இடத்தில்தான், வெளிச்சம் நுழையாத அறைகளைக் கட்டத் திட்டம் போட்டார்கள்.

இந்தத் திட்டத்தால் பெரிய சண்டை மூண்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளைகளை வெளியூரில் தங்கிப் படிக்க வைக்கும் ஒவ்வொரு குடும்பமும் இந்தச் சண்டையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் அந்தச் சீமான்?

அவர் பெயர் சார்லஸ் மங்கர். 1924-ம் ஆண்டு ஒமாகா நகரில் பிறந்தவர். சட்டம் படித்தவர். வாரன் பபெட் என்ற பெரும் பணக்காரரின் வலது கை. இருவரும் சேர்ந்து நடத்திய "பெர்க்‌ஷயர் ஹாத்தவே" என்ற நிறுவனம் உலகப் புகழ் பெற்றது. மங்கர் 2023-ம் ஆண்டு நவம்பர் மாதம், தன் 99-வது வயதில் காலமானார்.

அவருக்குக் கட்டிடம் கட்டுவதில் ஆசை அதிகம். ஆனால் கட்டிடக் கலை படித்தவர் அல்ல. தாமாகவே யோசித்து, தாமாகவே திட்டம் போடுவார். அதற்குப் பணமும் கொடுப்பார்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் அவர் உதவியால் கட்டிய மாணவர் குடியிருப்பு 2009-ல் திறக்கப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு 2013-ல் 11 கோடி டாலர் கொடுத்தார். அங்கே 600 மாணவர்களுக்கு மேல் தங்கும் விடுதி 2015-ல் திறக்கப்பட்டது. அங்கேயே பெரும்பாலான படுக்கை அறைகளுக்கு ஜன்னல் இல்லை. சான்டா பார்பராவில், அதைவிட ஏழு மடங்கு பெரிதாகக் கட்ட எண்ணினார்.

பழைய விடுதியும் புது விடுதியும்

பழைய காலத்து மாணவர் விடுதி எப்படி இருக்கும்? நீளமாக ஒரு நடை. இரு பக்கமும் அறைகள். ஓர் அறையில் இரண்டு பேர், அல்லது மூன்று பேர். நடையின் கோடியில் எல்லாருக்கும் பொதுவான குளியல் அறை. கீழே சாப்பாட்டுக் கூடம். மணி அடித்தால் சாப்பாடு.

இப்போது பல கல்லூரிகளில் வேறு மாதிரி கட்டுகிறார்கள். அடுக்குமாடி வீடு போல! ஒவ்வொரு வீட்டிலும் நாலைந்து சிறிய படுக்கை அறைகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு கூடம், ஒரு சமையல் அறை, ஒன்றிரண்டு குளியல் அறைகள். ஆளுக்கு ஓர் அறை. கதவைச் சாத்தினால் படிக்கலாம். திறந்தால் தோழர்களோடு பேசலாம். பிடித்ததைச் சமைத்துச் சாப்பிடலாம்.

இது நல்ல ஏற்பாடு. ஒருவன் இரவு ஒரு மணி வரை படிப்பான். இன்னொருவன் ஒன்பது மணிக்கே படுப்பான். இருவரையும் ஓர் அறையில் போட்டால் சண்டைதான் வரும். தனி அறை கொடுத்தால் சண்டை இல்லை. மங்கர் சொன்னதும் இதைத்தான். இதில் அவர் சொன்னது முற்றிலும் சரி.

தவறு வேறு இடத்தில் இருந்தது.

பெட்டி போல ஒரு கட்டிடம்

2021-ல் அந்தத் திட்டம் முழுமையாக வெளியே வந்தது. 11 மாடிகள். ஏறத்தாழ 17 லட்சம் சதுர அடி. அதில் 4,500 மாணவர்கள்! பிரதான வாசல்கள் இரண்டே இரண்டு. அவசர வழிகள் தனி.

எட்டுப் படுக்கை அறைகள் சேர்ந்தது ஒரு வீடு. எட்டு வீடுகள் சேர்ந்தது ஒரு பகுதி. ஒவ்வொரு படுக்கை அறையும் ஏறக்குறைய 10 அடி நீளம், 7 அடி அகலம். ஒரு கட்டில், ஒரு மேஜை போட்டால் அறை நிறைந்துவிடும்.

மாணவர்களில் நூற்றுக்கு 94 பேருக்கு ஜன்னல் இல்லாத அறை. ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள பெரிய பொதுக் கூடத்தில்தான் ஜன்னல். படுக்கை அறையில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில், ஜன்னல் போல ஒரு மின்சார விளக்கு! பொத்தானைத் திருப்பினால் காலை வெளிச்சம், மாலை வெளிச்சம் எல்லாம் வரும். டிஸ்னி நிறுவனத்தின் உல்லாசக் கப்பலில், உள் அறைகளுக்கு இப்படிப் பொய் ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் மங்கருக்கு இந்த யோசனை பிறந்தது.

கப்பலில் ஒரு வாரம் இருக்கலாம். கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் அல்லவா இருக்க வேண்டும்?

ஏன் ஜன்னலை விட்டார்கள்?

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜன்னல் வேண்டும் என்றால் வெளிச்சுவர் வேண்டும். எல்லா அறைக்கும் வெளிச்சுவர் வேண்டும் என்றால், கட்டிடம் ஒடுக்கமாக இருக்க வேண்டும். நடுவில் நடை, இரு பக்கமும் ஒவ்வொரு வரிசை அறை. அவ்வளவுதான். அல்லது, நடுவே பெரிய முற்றம் விட வேண்டும். இரண்டுக்கும் இடம் அதிகம் பிடிக்கும்.

ஜன்னல் வேண்டாம் என்று முடிவு செய்தால், கட்டிடத்தை எவ்வளவு பருமனாக வேண்டுமானாலும் கட்டலாம். நடுவில் அறைக்குள் அறையாக அடுக்கலாம். முற்றம் வேண்டியது இல்லை. ஒரே இடத்தில் நிறைய கட்டில்கள் போடலாம். காற்றுக்கு இயந்திரம், வெளிச்சத்துக்கு விளக்கு.

மங்கர் இன்னொன்றும் சொன்னார். அறை சிறிதாக, ஜன்னல் இல்லாமல் இருந்தால், மாணவர்கள் அதில் அடைந்து கிடக்க மாட்டார்களாம். பொதுக் கூடத்துக்கு வந்து, எல்லாரோடும் பழகுவார்களாம்!

பழக வைப்பது நல்லது. ஆனால் மூச்சு முட்ட வைத்தா பழக வைப்பது? கூடத்தை அழகாகக் கட்டினால், பிள்ளைகள் தாமாகவே வருவார்கள். அறையை மோசமாகக் கட்டித் துரத்த வேண்டியது இல்லை.

நிபுணர் விலகினார்

பல்கலைக்கழகக் கட்டிடங்களைப் பரிசீலிக்க ஒரு குழு உண்டு. அதில் டென்னிஸ் மெக்பாடன் என்ற கட்டிடக் கலை நிபுணர், ஏறக்குறைய 15 ஆண்டுகள் பணியாற்றி வந்தார். 2021-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் அந்தக் குழுவில் இருந்து விலகினார். "கட்டிடக் கலைஞன் என்ற முறையிலும், பெற்றவன் என்ற முறையிலும், மனிதன் என்ற முறையிலும் இதை ஏற்க முடியாது" என்ற கருத்துப்பட ராஜினாமாக் கடிதம் எழுதினார். மாணவர்களின் மனதையும் பழக்கத்தையும் வைத்து நடத்தும் சோதனை இது என்று கண்டித்தார்.

கடிதம் வெளியே வந்ததும் நாடே பேசியது. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

நிபுணர் சொன்னதில் மிக முக்கியமான வார்த்தை, "பெற்றவன்" என்பதுதான். கட்டிடம் கட்டுகிற ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "என் மகனை, என் மகளை இந்த அறையில் தங்க விடுவேனா?" என்பதே அது. இந்தக் கேள்விக்கு "மாட்டேன்" என்று பதில் வந்தால், வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

ஜன்னல் எதற்கு?

"விளக்குத்தான் இருக்கிறதே, ஜன்னல் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு விஞ்ஞானம் பதில் சொல்கிறது.

மனிதன் மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது விழிப்பு வர வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அந்தக் கடிகாரம் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். தினமும் காலை வெளிச்சம் கண்ணில் பட்டு, அதைச் சரி செய்கிறது. வெளிச்சம் படாவிட்டால், கடிகாரம் மெல்ல மெல்லப் பின்தங்கும். இரவில் தூக்கம் வராது. காலையில் எழ முடியாது. உடலுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு, 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு ஆராய்ச்சி. ராஜர் உல்ரிச் என்பவர் செய்தது. 1984-ல் வெளிவந்தது. ஓர் ஆஸ்பத்திரியில், பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை அவர் எடுத்துப் பார்த்தார். 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள், சுவரைப் பார்த்தவர்களைவிடச் சராசரியாக முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

ஜன்னல் இருந்தும், சுவரைப் பார்த்தவர்களுக்கே இந்த நிலை. ஜன்னலே இல்லாவிட்டால்?

கல்லூரி மாணவன் நோயாளி அல்ல. ஆனால் வீட்டை விட்டு முதன்முதலாகப் பிரிந்து வந்தவன். பரீட்சைக் கவலை இருக்கும். பணக் கவலை இருக்கும். அம்மா நினைவு வரும். வெளியே மழையா, வெயிலா என்று தெரியாத அறையில் அவனை அடைப்பது நியாயம் அல்ல.

நியூயார்க் கற்ற பாடம்

இது அமெரிக்காவுக்குப் புதிய பாடமும் அல்ல. 19-ம் நூற்றாண்டில் நியூயார்க் நகரில், ஏழைத் தொழிலாளர்களுக்கு அடுக்கு வீடுகள் கட்டினார்கள். உள் அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. இருட்டு, நெரிசல். காசநோய் பரவியது.

1879-ல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு அறைக்கும் வெளிக்காற்றுப் படும் ஜன்னல் வேண்டும் என்றது. கட்டிட முதலாளிகள் என்ன செய்தார்கள்? இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே, கிணறு போல ஓர் ஒடுக்கமான சந்து விட்டார்கள். ஜன்னலை அந்தச் சந்தில் வைத்தார்கள். வெளிச்சம் வரவில்லை. குப்பை நாற்றம்தான் வந்தது!

கடைசியில் 1901-ல் கடுமையான சட்டம் கொண்டு வந்தார்கள். புதிய வீடுகளில் ஒவ்வொரு அறையின் ஜன்னலும் தெருவையோ, போதிய அகலம் உள்ள முற்றத்தையோ பார்த்து இருக்க வேண்டும் என்று ஆணை இட்டார்கள்.

சட்டத்துக்கு ஒரு ஜன்னல் வைப்பது வேறு. மனிதனுக்கு ஒரு ஜன்னல் வைப்பது வேறு. ஏழைத் தொழிலாளிக்கு 1901-ல் கிடைத்த உரிமை, 120 ஆண்டுகள் கழித்துக் கல்லூரி மாணவனுக்கு இல்லை என்றால், அது முன்னேற்றமா?

வேறு வழி இல்லையா?

உண்டு! ஆளுக்கு ஓர் அறையும் கொடுக்கலாம், ஜன்னலும் கொடுக்கலாம். செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகே, எம்.ஐ.டி. என்ற புகழ் பெற்ற தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. எதிரே சார்லஸ் ஆறு ஓடுகிறது. அங்கே பின்லாந்து நாட்டுக் கட்டிடக் கலைஞர் அல்வர் ஆல்டோ ஒரு விடுதி கட்டினார். 1949-ல் முடிந்தது. பெயர் "பேக்கர் ஹவுஸ்". நேர்ச் சுவராகக் கட்டினால், ஆற்றைப் பார்க்கும் அறைகள் குறைவாகவே இருக்கும். அதனால் கட்டிடத்தையே பாம்பு போல வளைத்துவிட்டார்! பெரும்பாலான அறைகளில் இருந்து ஆறு தெரிகிறது. மாணவனுக்காகச் சுவர் வளைந்து கொடுத்தது.

டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகனில், "டீட்கன்" என்ற மாணவர் குடியிருப்பு 2006-ல் கட்டி முடிக்கப்பட்டது. வளையல் போல வட்டமான கட்டிடம். ஏழு மாடி. 360 அறைகள். ஒவ்வொரு 12 அறைக்கும் ஒரு பொதுச் சமையல் அறை. படுக்கை அறைகள் எல்லாம் வெளிப்பக்கம் பார்க்கின்றன. சமையல் அறைகளும் கூடங்களும், நடுவே உள்ள முற்றத்தைப் பார்க்கின்றன. ஒரு வீட்டில் சமைப்பது எதிர் வீட்டுக்குத் தெரியும். தனிமைக்குத் தனிமை, உறவுக்கு உறவு! மங்கர் எதை விரும்பினாரோ, அது இங்கே ஜன்னலோடு நடக்கிறது.

360 அறை வேறு, 4,500 அறை வேறு என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் 4,500 பேரையும் ஒரே கூரையின் கீழ் அடைக்க வேண்டும் என்று யார் சொன்னது? பத்துக் கட்டிடமாகப் பிரித்துக் கட்டினால் ஆகாதா?

வேனில் படுப்பதைவிட மேல் அல்லவா?

எதிர்க்கட்சிக்காரர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். அது லேசான வாதம் அல்ல.

சான்டா பார்பராவில் வீட்டு வாடகை மிக அதிகம். 2010-ல் பல்கலைக்கழகம் ஒரு திட்டம் போட்டது. 2025-க்குள் மேலும் 5,000 மாணவர்களைச் சேர்ப்போம். மேலும் 5,000 பேருக்குத் தங்க இடமும் கட்டுவோம் என்றது. மாணவர்கள் வந்துவிட்டார்கள். இடம் அந்த அளவுக்கு வரவில்லை. 2021-ல் பல மாணவர்களை ஓட்டல்களில் தங்க வைத்தார்கள். சில மாணவர்கள் வேனிலேயே படுத்து எழுந்தார்கள்.

"வேனில் படுப்பதைவிட, ஜன்னல் இல்லாத அறை மேல் அல்லவா?" என்று கேட்டார்கள். மேல்தான். அதில் சந்தேகம் இல்லை. மிச்சிகனில் தங்கிய மாணவர்களிலும், "இருட்டில் நன்றாகத் தூக்கம் வருகிறது" என்று சொன்னவர்கள் உண்டு. "மனம் சோர்ந்து போகிறது" என்று சொன்னவர்களும் உண்டு.

ஆனால் வேன் என்பது ஓர் ஆண்டு அவதி. கட்டிடம் என்பது ஐம்பது, அறுபது ஆண்டுக் கணக்கு. இன்றைய அவசரத்துக்காக, இன்னும் பிறக்காத பிள்ளைகளின் ஜன்னலையும் சேர்த்து அடைக்கலாமா? பசித்தவனுக்குச் சோறு போட வேண்டும். அதற்காகக் கல்லும் உமியும் கலந்த சோற்றைப் போடக் கூடாது.

தானம் கொடுத்த மாடு

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று பழமொழி உண்டு. இந்த விஷயத்தில், பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஏன் என்றால், அந்த மாட்டுக்கு ஆயுள் முழுவதும் தீனி போடப் போவது வேறு ஆள்!

கணக்கைப் பாருங்கள். அந்தக் கட்டிடத்துக்கு ஏறத்தாழ 150 கோடி டாலர் ஆகும் என்று மதிப்புப் போட்டார்கள். மங்கர் கொடுப்பதாகச் சொன்னது 20 கோடி. ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மீதியை யார் கொடுப்பது? இப்படிப்பட்ட விடுதிகளைக் கடன் வாங்கிக் கட்டி, மாணவர் கொடுக்கும் வாடகையில் இருந்து அந்தக் கடனை அடைப்பதே வழக்கம். ஏழில் ஒரு பங்கு கொடுத்தவர் முழுக் கட்டிடத்தையும் தீர்மானிப்பது என்ன நியாயம்? மீதி ஆறு பங்கையும் வாடகையாகக் கொடுக்கப் போகிறவனுக்கு, ஒரு ஜன்னல் கேட்கக்கூட உரிமை இல்லையா?

கொடை கொடுப்பவர்களை வணங்க வேண்டும். அவர்கள் பெயரை வாசலில் கல்லில் பொறிக்க வேண்டும். ஆனால் உள்ளே வாழப் போகிறவர்களின் காற்றையும் வெளிச்சத்தையும் முடிவு செய்யும் அதிகாரம், கொடையோடு சேர்ந்து வரக் கூடாது.

முடிவு என்ன ஆயிற்று?

எதிர்ப்பு வலுத்ததும் திட்டத்தைக் குறைத்தார்கள். 11 மாடி, 9 மாடி ஆயிற்று. 4,500 பேர், 3,500 பேர் ஆனார்கள். ஆனால் ஜன்னல் மட்டும் வரவில்லை! 2022-ல் பேராசிரியர்கள் குழு ஒன்று ஆராய்ந்து, நெரிசல், காற்றோட்டம், ஜன்னல் இல்லாமை ஆகியவை பற்றிக் கவலை தெரிவித்தது.

2023-ல், வேறு கட்டிடக் கலைஞர்களைத் தேடிப் பல்கலைக்கழகம் அறிவிப்பு வெளியிட்டது. மங்கர் திட்டம் அத்தோடு முடிந்தது. புதிய திட்டத்தில் படுக்கை அறைகளுக்கு ஜன்னல் உண்டு.

2016-ல் கொடை அறிவிப்பு. 2023-ல் கைவிட்ட செய்தி. நடுவில் போன ஏழு ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது? வேனில் படுத்த மாணவன் படிப்பை முடித்துப் போய்விட்டான். முதல் நாளே மாணவர்களைக் கூப்பிட்டு, "உங்களுக்கு எப்படிப்பட்ட அறை வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இந்த ஏழு ஆண்டுகளில் கட்டிடமே எழும்பி இருக்கும்!

அமெரிக்காவில் இந்திய மாணவர்கள் மட்டும் 2023-24-ல் 3 லட்சத்து 31 ஆயிரம் பேர் படித்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள், பல்கலைக்கழகத்தின் பெயரை விசாரிக்கிறார்கள். படிப்பை விசாரிக்கிறார்கள். கட்டணத்தை விசாரிக்கிறார்கள். இனி இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். "என் பிள்ளை படுக்கும் அறையில் ஜன்னல் உண்டா? அதைத் திறக்க முடியுமா?" என்று கேட்க வேண்டும். பெற்றவர்கள் கேட்கத் தொடங்கினால், கட்டுகிறவர்கள் தாமாகவே ஜன்னல் வைப்பார்கள்.